ஐம்பது கன்றில் நான்கு மிஞ்சினால், பள்ளியில் எதை முதலில் மாற்றுவது?

உங்கள் கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டைப் பக்கம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, 280 பிள்ளைகள், தேசிய பசுமைப் படைப் பொறுப்பு உங்களிடம். போன ஜூன் 5 அன்று 50 கன்று நட்டீர்கள், இன்று 4 நிற்கிறது. பிளாஸ்டிக் ஒழிப்பு உறுதிமொழி எடுத்தீர்கள், தொட்டி நிறைய இன்னும் சிப்ஸ் உறைதான். கையில் நிதி இல்லை. "பள்ளியைச் சுற்றுச்சூழலுக்கு உகந்ததாக மாற்ற எங்கே தொடங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: இத்தனை செய்தும் ஏன் எதுவும் நிலைக்கவில்லை? அதற்கு விடை கிடைத்தால் எங்கே தொடங்குவது என்பதும் தெரிந்துவிடும். பள்ளி வளாகங்களில் குப்பை, தண்ணீர்க் கணக்கு எடுப்பது என் தொழில். அந்தப் பழக்கத்திலிருந்து சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் வருஷத்துக்கு ஏறக்குறைய 200 நாள், ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், ஒரே காரியம் நடக்கிறது. சமைக்கிறோம், சாப்பிடுகிறோம், தட்டுக் கழுவுகிறோம், பெருக்குகிறோம், மோட்டார் போடுகிறோம். இந்த அன்றாட ஓட்டத்தில் ஒன்றை மாற்றினால் அது 200 முறை பலன் தரும். ஒருநாள் விழாவில் செய்வது ஒருநாளோடு போகும். அதனால் எந்த யோசனை வந்தாலும் இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். மே மாதம் பள்ளி பூட்டியிருக்கும்போது இது உயிரோடு இருக்குமா? அடுத்த கலந்தாய்வில் நீங்கள் மாறுதலாகிப் போனால் இது நடக்குமா? உங்கள் கன்றுகளில் 46 முதல் கேள்வியிலேயே விழுந்துவிட்டன. அதில் உங்கள் குறை எதுவும் இல்லை, தேதியிலேயே குறை இருந்தது. மரத்துக்குப் பிறகு வருகிறேன்.

இன்றே நிறுத்த வேண்டியது ஒன்று உண்டு: சருகையும் குப்பையையும் வளாகத்தில் கொளுத்துவது. காலையில் பெருக்கிக் குவித்து மூலையில் தீ வைப்பது பல பள்ளிகளில் வழக்கம். சருகோடு பிளாஸ்டிக் உறையும் சேர்ந்து எரிகிறது, அந்தப் புகை முதல் பாடவேளையில் வகுப்புக்குள் நிற்கிறது. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு இது நேரடித் தீங்கு. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. கொளுத்த வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதாது, பெருக்கும் அம்மாவுக்கு "பின்னே எங்கே போடுவது?" என்பதற்குப் பதில் வேண்டும். அந்தப் பதில்தான் கீழே வரும் உரத்தொட்டி.

தொட்டி கட்டுவதற்கு முன் ஒரு வாரம் எடை பாருங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை, கொக்கித் தராசு ஒன்று, சாக்கு ஐந்து. தட்டில் மிஞ்சிய சோறு, சமையல்கூடக் கழிவு, சருகு, காகிதம், பிளாஸ்டிக் என்று தனித்தனியாகப் போட்டு மாலையில் நிறுத்து எழுதுங்கள். கையுறை அவசியம், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது அதைவிட அவசியம். கழிவறைக் குப்பை, நாப்கின், உடைந்த கண்ணாடி எதையும் பிள்ளைகள் தொடக் கூடாது. இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். குப்பை தொடும் வேலை எப்போதும் ஒரே சில பிள்ளைகளிடம் போய் நிற்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு, அது ஏன் என்று நம் எல்லோருக்கும் தெரியும். வருகைப் பதிவேட்டு வரிசைப்படி எல்லாப் பிள்ளைக்கும் முறை வர வேண்டும், ஆசிரியர்களுக்கும் ஒரு நாள் வர வேண்டும். இது சரியாக இல்லாவிட்டால் மற்றது எதையும் தொடங்காமல் இருப்பதே மேல்.

எடை பார்த்தால் பெரும்பாலும் கண்ணுக்கு அதிகமாகத் தெரிகிற பிளாஸ்டிக் எடையில் மிகக் குறைவாக இருக்கும். கனமாக நிற்பது சோறும் சருகும்தான். உங்கள் அளவுள்ள பள்ளியில் சாப்பாட்டுக் கழிவும் காய்கறித் தோலும் சேர்ந்து நாளுக்கு 8 முதல் 10 கிலோ என்று வைத்துக் கணக்குப் போடுகிறேன். உங்கள் எண் வேறாக இருந்தால் கீழே உள்ள அளவுகளை அதே விகிதத்தில் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

உரமாக்குவதற்கு முன் சோறு ஏன் மிஞ்சுகிறது என்று பாருங்கள். தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு 100 கிராம், ஆறு முதல் எட்டு வரை 150 கிராம் தானியம் என்பது மதிய உணவுத் திட்டத்தின் அளவு. அரிசி போடும் நேரத்தில் அன்றைய வருகை எண்ணிக்கை சமையலருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. நேற்றைய எண்ணிக்கைக்கு உலை வைத்தால் திருவிழா மறுநாள் அண்டா அண்டாவாக மிஞ்சும். இரண்டாவது, முதலிலேயே அகப்பை நிறைய வைத்துவிடுவது. கொஞ்சமாக வைத்து, கேட்டால் மறுபடி என்று மாற்றினாலே தட்டுக் கழிவு கண்ணுக்குத் தெரியும்படி குறையும். "வீணாக்காதே" என்று சொல்லிப் பிள்ளையை வற்புறுத்திச் சாப்பிட வைப்பது மட்டும் வேண்டாம். சத்துணவு அமைப்பாளரையும் சமையலரையும் முதல் நாளே கூட்டத்தில் உட்கார வையுங்கள். முடிவெடுத்துவிட்டுப் பிறகு அவர்களிடம் சொன்னால் அது அவர்களுக்கு இன்னொரு கூடுதல் வேலையாக மட்டுமே தெரியும்.

இனி உரத்தொட்டி. குழி வெட்டாதீர்கள், ஐப்பசி மழையில் குழி குளமாகிவிடும். தரைக்கு மேலே, 1 மீட்டர் நீளம், அகலம், உயரத்தில், செங்கலை இடைவெளி விட்டு அடுக்கிக் கட்டுங்கள். காற்று போக வேண்டும் என்பதற்காகத்தான் இடைவெளி. முன்பக்கம் ஒரு பகுதியைப் பூசாமல் வெறும் செங்கலாக அடுக்கினால் கிளறவும் அள்ளவும் கழற்றிக்கொள்ளலாம். சிறு கண் கம்பி வலையை உள்பக்கம் சுற்றுங்கள், மேலே வலை அடித்த மூடி. வலை இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் எலியும் இரண்டாம் வாரத்தில் நாயும் வரும், மூன்றாம் வாரம் தொட்டியை மூடச் சொல்வார்கள். இப்படி மூன்று தொட்டி: ஒன்று நிரம்பும், ஒன்று வேகும், ஒன்று ஆறும். நாளுக்கு 10 கிலோ ஈரக் கழிவு, அதோடு சருகும் சேர்த்தால் ஒரு தொட்டி நிரம்ப ஏறக்குறைய ஒரு மாதம். நிரம்பிய தொட்டி உரமாக இன்னும் இரண்டு மாதம்.

அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் குச்சி, தென்னைமட்டைத் துண்டு போடுங்கள், கீழே காற்று நுழைய. அதன்மேல் ஒரு வாளி ஈரக் கழிவுக்கு மூன்று வாளி சருகு என்பதுதான் விதி. எடையில் அல்ல, வாளிக் கணக்கில். சோறும் காய்கறியும் நைட்ரஜன் மிகுந்தவை, சருகு கரிமம் மிகுந்தது. கரிமம் நைட்ரஜனைப் போல 25 முதல் 30 மடங்கு இருந்தால் நுண்ணுயிர் வேகமாக வேலை செய்யும். வாளிக் கணக்கு அந்த விகிதத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விடும். சாம்பாரும் ரசமும் கலந்த தண்ணீரை வடிதட்டில் வடித்துவிட்டுத் திப்பியை மட்டும் போடுங்கள். போட்டவுடன் சருகால் மூடுங்கள். சோறு வெளியே தெரிந்தால் ஈ வரும். பத்து லிட்டர் தண்ணீரில் இரண்டு கிலோ பசுஞ்சாணம் கரைத்து வாரம் ஒருமுறை தெளித்தால் போதும். கடையில் விற்கிற நுண்ணுயிர்க் கரைசலுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். சருகிலும் சாணத்திலும் இருக்கிற உயிரிகளே இந்த வேலைக்குப் போதும்.

வாரம் ஒருமுறை கிளறுங்கள். நடுவில் கம்பி ஒன்றைச் செருகிப் பத்து நிமிடம் கழித்து எடுத்தால், கையில் பிடிக்கச் சுட வேண்டும். உள்ளே 55 முதல் 65 பாகை செல்சியஸ் வரை போகும். சூடே இல்லை என்றால் ஈரம் போதவில்லை, அல்லது பச்சைக் கழிவு போதவில்லை. ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள்: பிழிந்த துணிபோல ஈரமாக இருக்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. அழுகல் வாடை வந்தால் ஈரம் மிகுதி, காற்று குறைவு. சருகு சேர்த்துக் கிளறினால் இரண்டு நாளில் போகும். எறும்பு ஏறினால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளியுங்கள். பருத்த பழுப்பு நிறப் புழு நெளிந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் அது கருப்புப் படைவீரன் ஈயின் புழு, கழிவைத் தின்று தீர்க்கும், கடிக்காது. வெள்ளைப் பூசணம் படர்ந்தால் நல்ல அறிகுறி.

முட்டை ஓடு தனிக் கதை. சத்துணவில் முட்டை உண்டு. ஓட்டுக்கு 5 கிராம் என்றாலும் 280 முட்டைக்கு 1.4 கிலோ, அதுவும் ஒவ்வொரு பள்ளி நாளும். முழு ஓடாகப் போட்டால் ஆறு மாதம் கழித்தும் ஓடாகவே கிடக்கும். வெயிலில் காய வைத்துச் சாக்கில் போட்டு மிதித்து நொறுக்கிச் சேருங்கள். சுண்ணாம்புச் சத்து என்று பெரிதாகச் சொல்வார்கள். அமிலத்தன்மை உள்ள செம்மண், சரளை மண்ணில் அது மெல்ல உதவும், சுண்ணாம்பு ஏற்கெனவே மிகுந்த மண்ணில் அதனால் பெரிய பயன் இல்லை.

இந்தத் திட்டம் படுத்துவிடும் இடம் வேறொன்று. சோறு வருஷம் முழுக்க வரும், சருகு மாசி பங்குனியில்தான் கொட்டும். வேம்பும் புங்கமும் அப்போதுதான் இலை உதிர்க்கும். ஆகஸ்டில் தொட்டிக்குச் சருகு இல்லை, வெறும் சோறு போகிறது, நாறுகிறது, மூடிவிடுகிறார்கள். ஆகவே கோடைக்கு முன்பே சருகைக் காய்ந்த நிலையில் சாக்குகளில் அடைத்து, மழை படாத திண்ணையில் அடுக்கிவையுங்கள். 10 கிலோ கழிவுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 லிட்டர் சருகு வேண்டும். நன்றாக மிதித்து அடைத்தால் ஒரு பெரிய சாக்கு மூன்று நாள் வரும். இருப்புப் போதாவிட்டால் பக்கத்து மர இழைப்பகத்தில் சீவல் கேளுங்கள். பிளைவுட் தூள் வேண்டாம், அதில் பசை இருக்கும். தேங்காய் நார்க் கழிவு மட்க ரொம்ப நாள் எடுக்கும், ஈரம் உறிஞ்சக் கொஞ்சம் சேர்க்கலாம், சருகுக்கு மாற்றாக நம்ப வேண்டாம்.

உரம் ஆயிற்றா என்று தெரிந்துகொள்ளக் கருவி தேவையில்லை. ஒரு பிடியை ஈரத்தோடு பையில் கட்டி மூன்று நாள் வைத்துத் திறங்கள். மண்வாசனை வந்தால் ஆயிற்று, புளித்த வாடை வந்தால் இன்னும் ஒரு மாதம். பிறகு அதில் பத்து வெந்தயம் விதையுங்கள். குறைந்தது எட்டு முளைக்க வேண்டும். இது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களே செய்யக்கூடிய சோதனை. மே விடுமுறைக்குப் பத்து நாள் முன்பே புதிதாகப் போடுவதை நிறுத்தி, ஒரு சாண் சருகு மூடி, நன்றாக நனைத்துவிட்டால் தொட்டி தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். மே மாதத்தைத் தாண்டும் திட்டம் என்று நான் சொன்னது இதைத்தான்.

அடுத்தது தண்ணீர். ஒரு பத்து லிட்டர் வாளியைத் தட்டுக் கழுவும் குழாயடியில் வைத்து, நிரம்ப எத்தனை விநாடி என்று பாருங்கள். 75 விநாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 8 லிட்டர். ஒரு பிள்ளை அரை நிமிடம் திறந்து வைத்தால் 4 லிட்டர், 280 பிள்ளைக்கு 1,120 லிட்டர். இது சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும். முதல் மாற்றம், தட்டில் ஒட்டியதை வழித்து வாளியில் போட்டுவிட்டுக் குழாய்க்கு வருவது. ஒட்டியது போனால் கழுவும் நேரம் பாதியாகும், வடிகாலும் அடைக்காது. இரண்டாவது, குழாய் வாயில் நுரைமுனை (ஏரேட்டர்) மாட்டுவது. காற்றைக் கலந்து விடுவதால் நிமிடத்துக்கு 3 லிட்டரிலேயே வேலை ஆகும். ஆனால் உங்கள் தண்ணீர் உப்புத் தண்ணீராக இருந்தால் நுரைமுனைச் சல்லடை மாதம் ஒருமுறை அடைக்கும். கழற்றிப் புளித் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்க்க ஓர் ஆள் வேண்டும். ஆள் இல்லாவிட்டால், குழாயின் அடி வால்வைப் பாதி மூடி வைப்பதே போதும். அதற்குச் செலவே இல்லை. எல்லோரும் ஒரே தொட்டித் தண்ணீரில் தட்டை அலசுவது என்ற யோசனையைச் சிலர் சொல்வார்கள். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஒரு பிள்ளையின் வயிற்றுப்போக்கு ஊருக்கே பரவும்.

கழுவிய தண்ணீர் வீணாகப் போகாமல் வாழைக்கும் கல்வாழைக்கும் விடலாம். குழாயடிக்குப் பக்கத்தில் இரண்டடிக்கு இரண்டடி, இரண்டடி ஆழத்தில் ஒரு படிவுத் தொட்டி. உள்ளே தூக்கி எடுக்கக்கூடிய கம்பிவலைக் கூடை, பருக்கை அதில் நிற்கும். தினமும் மாலை கூடையை எடுத்து உரத்தொட்டியில் கொட்ட வேண்டும். தினமும் என்றால் தினமும், வெள்ளிக்கிழமை விட்டால் திங்கள்கிழமை நாற்றம் வரவேற்கும். தொட்டியிலிருந்து மூன்று மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழத்தில் சல்லி நிரப்பிய வாய்க்கால், அதில் கல்வாழை, கடைசியில் வாழைக் குழி. சல்லிக்கு மேலே தண்ணீர் தெரியக் கூடாது, தெரிந்தால் கொசு முட்டையிடும். இந்தத் தண்ணீரைச் சேமித்து வைக்காதீர்கள், ஒருநாள் தாண்டினால் அழுகும். கீரைக்கு விட வேண்டாம். பிளீச்சிங் தூள், ஆசிட் கலந்த தண்ணீரும், கழிவறைத் தண்ணீரும் இந்த வாய்க்காலுக்கு எக்காரணம் கொண்டும் வரக் கூடாது.

மழைநீர் சேகரிப்பு 2003லேயே தமிழகத்தில் கட்டாயமாயிற்று, அதனால் உங்கள் கட்டடத்திலும் குழாய் இருக்க வாய்ப்பு உண்டு. புதிதாகக் கட்டுவதற்கு முன் இருப்பது வேலை செய்கிறதா என்று புரட்டாசியில் பாருங்கள். இணைப்பு கழன்றிருக்கும், வாயில் சருகு அடைத்திருக்கும், குழியில் வண்டல் நிறைந்திருக்கும். கணக்கு எளிது: ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். 200 சதுர மீட்டர் கூரை, வருஷம் 800 மி.மீ. மழை, அதில் ஐந்தில் நான்கு பங்கு பிடித்தாலும் 1,28,000 லிட்டர். முதல் மழை கூரையின் தூசியையும் பறவை எச்சத்தையும் கழுவிக்கொண்டு வரும். முதல் 1 மி.மீ.யை வெளியே விட வேண்டும், உங்கள் கூரைக்கு அது 200 லிட்டர். இதற்கு ஆறு அங்குலக் குழாயைக் கீழே நீட்டி மூடி போட்டால் போதும் என்று சில கொத்தனார்கள் சொல்வார்கள். போதாது. ஆறு அங்குலக் குழாய் மீட்டருக்கு ஏறக்குறைய 18 லிட்டர்தான் பிடிக்கும், 200 லிட்டருக்கு ஏறக்குறைய பதினோரு மீட்டர் குழாய் வேண்டும். 200 லிட்டர் டிரம் ஒன்று, அடியில் திறப்புக் குழாயோடு வைப்பதுதான் நடைமுறை. டிரம்முக்கு மூடி வேண்டும், மழை நின்றதும் காலி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் டெங்குக் கொசுவுக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்ததாகும்.

சேர்த்த நீரை நிலத்தில் இறக்குவதா, தொட்டியில் தேக்குவதா என்பதை உங்கள் மண்ணைப் பார்க்காமல் நான் சொல்லக் கூடாது. நீங்களே சோதிக்கலாம். ஓரடிச் சதுரத்தில் இரண்டடி ஆழம் தோண்டி, ஒருமுறை தண்ணீர் நிரப்பி முழுக்க வடிய விடுங்கள். மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எத்தனை சென்டிமீட்டர் இறங்குகிறது என்று அளவுகோலால் பாருங்கள். ஒரு சென்டிமீட்டரும் இறங்கவில்லை என்றால் மேல்மண்ணில் தோண்டும் குழி வெறும் குட்டையாகிவிடும், அங்கே தொட்டிதான். நன்றாக இறங்கினால் குழி பலன் தரும். ஆழமும் இடமும் பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டியவை. கழிவறைத் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும் எந்தக் குழியும் கூடாது.

பிளாஸ்டிக்குக்கு வருகிறேன். எடை பார்த்த அந்த வாரத்திலேயே உறைகளை எண்ணவும் செய்யுங்கள்: சிப்ஸ், மிட்டாய், பேனா, பால் கவர் என்று. எண்ணினால் பெரும்பாலானவை பள்ளி வாசலில் உள்ள ஒரே பெட்டிக்கடையிலிருந்து வந்திருக்கும். பிள்ளையைத் திட்டுவதில் பயனில்லை, கடைக்காரரிடம் பேசுங்கள். கடலைமிட்டாய், பொரியுருண்டை, அவித்த கடலை, நெல்லிக்காய் ஆகியவற்றைக் கண்ணாடிப் புட்டியில் வைத்துக் காகிதப் பொட்டலத்தில் கொடுத்தால் பள்ளியே வாடிக்கை என்று சொல்லுங்கள். அவர் பிழைப்பும் கெடக் கூடாது. சிப்ஸ் உறை பல அடுக்கு ஒட்டியது, காயலான் கடைக்காரர் எடுக்க மாட்டார், எளிதில் உருக்கிப் பயன்படுத்தவும் முடியாது. அதைத் தடுப்பது ஒன்றே வழி. உறைகளைப் பிளாஸ்டிக் புட்டியில் திணித்துச் 'சூழல் செங்கல்' செய்வது பல பள்ளிகளில் நடக்கிறது. அதன் பலனில் எனக்கு ஐயம் உண்டு. வெயிலில் புட்டி சில வருஷங்களில் பொடிந்து உள்ளே இருப்பது எல்லாம் மண்ணில் கலக்கும், புட்டியை நிரப்புவதற்காகவே பிள்ளைகள் சிப்ஸ் வாங்குவதும் நடக்கும்.

தடை பற்றி ஒரு தெளிவு. தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 பொருள்களில் பள்ளி விழாக்களில் அறியாமல் வாங்குகிற சில உண்டு. பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பை, பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு, சாப்பாட்டு மேசைக்கான பிளாஸ்டிக் விரிப்பு, பிளாஸ்டிக் கொடி எல்லாம் அந்தப் பட்டியலில் வருகின்றன. துணிபோலத் தெரிகிற நெய்யாத பையும் வருகிறது. அது துணியல்ல, பாலிபுரொப்பிலீன். 2021 டிசம்பரில் தொடங்கிய மீண்டும் மஞ்சப்பை இயக்கம் சொல்வது பருத்திப் பையை. ஆண்டு விழாவுக்கு 100 எவர்சில்வர் டம்ளர் ஒருமுறை வாங்கிப் பள்ளிப் பொருள் பதிவேட்டில் ஏற்றிவிட்டால் அதோடு கோப்பைப் பிரச்சினை தீர்ந்தது.

நாப்கின் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆறு முதல் எட்டு வகுப்புப் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். மூடியிட்ட தொட்டி, சுற்றிப் போடப் பழைய செய்தித்தாள், தனியாக எடுத்துப்போக ஊராட்சியோடு பேசி ஓர் ஏற்பாடு. உரத்தொட்டியிலோ கழிவறைக் குழாயிலோ போகக் கூடாது, திறந்தவெளியில் எரிக்கவும் கூடாது. பொறுப்பு ஒரு ஆசிரியையிடம் இருக்கட்டும்.

காகிதத்துக்கு ஏப்ரலில் ஒரு நாள் ஒதுக்குங்கள். பழைய நோட்டுகளில் எழுதாத தாள்களைப் பிரித்துத் தைத்தால் அடுத்த வருஷத்துக் கணக்குப் பயிற்சிக்கு ஆகும். மின்சாரத்தில் முதலில் செய்ய வேண்டியது, மேல்தொட்டிக்கு நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தும் மிதவை விசை. தொட்டி வழிவது தண்ணீரும் மின்சாரமும் ஒன்றாகக் கொட்டுவது. பழைய மின்விசிறி 75 வாட், குறைந்த மின்சாரத்தில் ஓடும் புது வகையான பி.எல்.டி.சி. விசிறி 30 வாட். 12 விசிறி, நாளுக்கு 6 மணி, 200 நாள் என்றால் வருஷத்துக்கு 648 யூனிட் மிச்சம். ஆனால் ஓடுகிற விசிறியைக் கழற்ற வேண்டாம். பழுதானதை மாற்றும்போது புது வகையை வாங்குங்கள். வயரிங் வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் செய்ய வேண்டும்.

இப்போது மரம். ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள், உலகம் முழுதுக்கும் ஒரே தேதி. குமரியிலும் நீலகிரியிலும் தென்மேற்குப் பருவமழை இருப்பதால் ஜூனில் நட்டால் பிழைக்கும். உங்கள் பக்கம் பெருமழை ஐப்பசி கார்த்திகையில்தான். ஜூனில் நட்ட கன்று, வேர் பிடிக்கும் முன்பே அனல்காற்றில் மூன்று மாதம் நிற்க வேண்டியிருக்கிறது. ஜூன் 5 அன்று குழி மட்டும் தோண்டுங்கள், சரளை மண் என்றால் மூன்றடிக்கு மூன்றடி. நான்கு மாதம் வெயில் காய்ந்து, உங்கள் உரத்தொட்டியின் முதல் உரமும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி, அக்டோபரில் முதல் நல்ல மழைக்குப் பிறகு நடுங்கள். கறுப்புப் பையைக் கிழித்து எடுத்துவிட்டு நட வேண்டும். பையோடு புதைத்த கன்று இரண்டு வருஷம் நின்று பிறகு காரணம் தெரியாமல் சாகும். பைக்குள் சுருண்ட வேரை நுனியில் கத்தரித்துவிடுங்கள்.

ஐம்பது வேண்டாம், பத்து போதும். வேம்பு, புங்கம், பூவரசு, இலுப்பை, மகிழம், நாவல். சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி வையுங்கள். பூவுக்காகச் செம்மயில்கொன்றையும் (குல்மோகர்) பெருங்கொன்றையும் வகுப்பறைப் பக்கம் வேண்டாம். அவற்றின் கிளை காற்றுக்கு முறியும், 2018 நவம்பர் கஜா புயலைப் பார்த்த மாவட்டத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கன்றைச் சுற்றி முள் அடைப்பு, ஆடு ஒரே கடியில் முடித்துவிடும். இரும்புக் கூண்டு வைத்தால் மூன்றாம் வருஷம் கழற்ற மறக்காதீர்கள், மறந்தால் கம்பி மரத்துக்குள் இறங்கிவிடும். தண்டைத் தொடாமல் மூன்று அங்குலம் சருகு மூடாக்கு.

கோடை விடுமுறைக் கணக்கு: கன்றுக்கு வாரம் இருமுறை 10 லிட்டர், பத்துக் கன்றுக்கு ஏழு வாரத்தில் 1,400 லிட்டர். ஐந்து லிட்டர் மண்பானையின் அடியில் ஊசித்துளை போட்டுப் பருத்தித்திரி செருகி, தண்டிலிருந்து ஓரடி தள்ளிக் கழுத்துவரை புதைத்து, வாயை ஓட்டால் மூடுங்கள். கன்றுக்கு இரண்டு பானை. நிரப்பிவிட்டுப் போனால் மூன்று நாலு நாள் மெல்லக் கசியும். வாரம் இருமுறை வந்து நிரப்புவது யார் என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானத்தில் பெயரோடு எழுதுங்கள். வாசல் சாவியும் மோட்டார் அறைச் சாவியும் ஏப்ரல் கடைசி வேலைநாளில் அவர் கைக்குப் போக வேண்டும். சாவி தலைமையாசிரியர் பையில் இருந்ததால் காய்ந்த கன்றுகள் எத்தனையோ.

பிள்ளைகளில் எட்டாம் வகுப்பைத் தலைமையில் வைக்காதீர்கள், ஏப்ரலில் போய்விடுவார்கள். ஏழாம் வகுப்பு பொறுப்பேற்க, ஆறாம் வகுப்பு கூட நின்று கற்க, அடுத்த ஜூனில் வேலை தெரிந்த கை இருக்கும். தொட்டியில் என்று போட்டோம், என்று கிளறினோம், எந்தக் கன்றுக்கு என்று தண்ணீர் என எழுத ஒரே ஒரு நீளக் குறிப்பேடு, சமையல்கூடச் சுவரில் கயிற்றோடு தொங்கட்டும். நீங்கள் மாறுதலாகிப் போனாலும் அது அங்கேயே தொங்கும்.

இந்த வருஷம் உரத்தொட்டியும் குழாயடியும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அக்டோபருக்குப் பத்துக் கன்று. மழைநீரை அடுத்த புரட்டாசிக்கு வைத்துக்கொள்ளலாம். எடை பார்த்த ஐந்து எண்ணும், வாளி நிரம்பிய விநாடியும், குழியில் இறங்கிய சென்டிமீட்டரும் தெரிந்ததும் எழுதுங்கள். தொட்டி அளவை உங்கள் எண்ணுக்கே போட்டுத் தருகிறேன்.